ரிஜிஸ்டரா, வாட்ஸ்அப்பா, சாஃப்ட்வேரா: பெரிய கட்டட வேலைக்கு ஆவணம் வைக்கும் வழிகள்

என் சின்னம்மா மகனுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு மருத்துவமனை வளாகம் கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு கட்டடம், இருபத்திரண்டு மாதக் கெடு. இதுவரை அவன் செய்தது வீடுகள், இரண்டு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி. அங்கெல்லாம் உரிமையாளரும் கொத்தனாரும் இவனும் உட்கார்ந்து பேசினால் விஷயம் முடிந்துவிடும். இங்கே ஆர்க்கிடெக்ட் பெங்களூரில் இருக்கிறார், ஸ்ட்ரக்சுரல் டிசைன் சென்னையில் நடக்கிறது, உரிமையாளர் சார்பில் சைட்டில் ஒரு மேற்பார்வை நிறுவனம், இவனுக்குக் கீழே எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஏ.சி., லிஃப்ட் என்று ஆறேழு சப்-காண்ட்ராக்டர்கள். ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, பேப்பரையெல்லாம் எப்படி வச்சுக்கிறது? ரிஜிஸ்டர் போட்டாப் போதுமா, சாஃப்ட்வேர் வாங்கணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

நான் பத்தொன்பது வருடமாக பில்லிங்கிலும் குவாலிட்டியிலும் இருக்கிறேன். மூன்று வழியிலும் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் பணம் தொலைந்ததையும் பார்த்திருக்கிறேன். அன்று மாலை அவனிடம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். ரிஜிஸ்டர் நூற்றுக்கணக்கில், சாஃப்ட்வேர் லட்சக்கணக்கில் என்று கணக்குப் போட்டால் முடிவு உடனே வந்துவிடும், ஆனால் தப்பாக வரும். நான் முதலில் கேட்பது இது: சைட்டில் ஒரு விஷயம் நடந்ததற்கும் அது எழுத்தில் ஏறி இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போகிறது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பாறை. மதுரையைச் சுற்றி யானைமலை, திருப்பரங்குன்றம், நாகமலை, பசுமலை என்று எங்கு பார்த்தாலும் பாறைதான். மண்ணுக்கு அடியிலும் அதே கதை. ஒரு குழியில் எட்டடி வரை மண் வரும், பத்தடி தள்ளி அடுத்த குழியில் மூன்றடியிலேயே கடப்பாரை தெறிக்கும். மண் வெட்டும் ரேட்டும் பாறை உடைக்கும் ரேட்டும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருப்பவை. அதனால் எந்த ஆழத்தில் பாறை தொடங்கியது, எது வரை உடைத்தோம் என்று இரு தரப்பும் சேர்ந்து லெவல் (ஆழ அளவு) எடுத்து அன்றே கையெழுத்துப் போட வேண்டும். பி.சி.சி. (குழியின் அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) போட்டு மூடிய பிறகு கடவுளே வந்தாலும் அளக்க முடியாது.

பல வருடத்துக்கு முன்பு நகருக்கு வடக்கே ஒரு வேலையில், பத்தொன்பது ஃபூட்டிங் (அஸ்திவார) குழிகளுக்கு லெவல் எடுத்தோம். மேற்பார்வை இன்ஜினியர் கூடவே நின்று பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு, பி.சி.சி.யைப் போட்டுடுங்க, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. அடுத்த நாள் விடுமுறை, அதற்கடுத்து வேறு வேலை, மூன்றாவது வாரம் அவருக்கு மாறுதல். புதிதாக வந்தவர், "நான் பார்க்காததுக்கு நான் எப்படிங்க சர்ட்டிஃபை பண்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. சூப்பர்வைசர் போனில் போட்டோ இருந்தது. ஆனால் எந்தப் போட்டோவிலும் குழி நம்பர் இல்லை, அளவுக் கோல் வைக்கவில்லை, எது எந்தக் குழி என்று எங்களுக்கே சண்டை. அந்தப் பத்தொன்பது குழிக்கும் மண் ரேட்தான் கிடைத்தது. பாறை உடைத்த ஆட்களுக்கு நாங்கள் முழுக் கூலி கொடுத்திருந்தோம்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மூடப்படும் வேலைக்கு, அதாவது குழி, கம்பி, ஸ்லாபுக்குள் போகும் பைப், வாட்டர் புரூஃபிங் இதற்கெல்லாம், கையெழுத்து வாங்கும் நேரத்தை அது குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக ஒன்று கேட்பேன். ஐந்து வருடம் கழித்து, இந்த வேலையில் இல்லாத ஒருவர் வந்து, மூன்றாம் தளத்தில் சி-14 தூணுக்குப் போட்ட கான்கிரீட்டைப் பற்றிக் கேட்டால், எவ்வளவு நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியும்? இது கேட்க எளிது. பதில் ஒரு சங்கிலி. அந்தத் தூணின் போர் கார்டு, அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கான சரிபார்ப்புச் சீட்டு, வேண்டும். அதில் தேதி, கிரேடு, ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்), எந்த டிராயிங், எந்த ரிவிஷன் (திருத்தப் பதிப்பு), யார் செக் செய்தார். அதிலிருந்து க்யூப் நம்பர்; க்யூப் என்பது உடைத்துச் சோதிக்க எடுக்கும் கான்கிரீட் கட்டி. க்யூபிலிருந்து 28 நாள் ரிசல்ட். பின்னால் போனால் மிக்ஸ் டிசைன் (கலவை விகிதக் கணக்கு), சிமெண்ட் மூட்டையில் அச்சிட்ட வாரம், கம்பிக்கு மில் சர்ட்டிஃபிகேட்டும் அதன் ஹீட் நம்பரும் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்).

ஒரு ஸ்லாபுக்கே எவ்வளவு சேரும் என்று அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 120 கன மீட்டர் ஸ்லாப் என்றால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 படி முதல் 50 கன மீட்டருக்கு 4 சாம்பிள், அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் அல்லது அதில் ஒரு பகுதிக்கும் இன்னொன்று. ஆக 6 சாம்பிள், சாம்பிளுக்கு 3 க்யூப், 18 க்யூப். 7 நாள் ரிசல்ட்டுக்கு எடுப்பது தனி. 28 நாள் க்யூப் உடைபடும்போது மேல் தளத்துக்கு ஷட்டரிங் ஏறியிருக்கும். நான்கு கட்டடம், ஒவ்வொன்றிலும் பல ஸ்லாப், தூண், பீம். ஆயிரக்கணக்கான க்யூப், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

ரிஜிஸ்டரும் ஃபைலும்

நம் ஊரில் கட்டட வேலையின் ஆவணப் பழக்கம் முழுவதும் பொதுப்பணித் துறையிலிருந்து வந்தது. அதன் நடு நாயகம் எம் புக், அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு முன்பே எண் அச்சிட்டிருக்கும், கிழிக்கக் கூடாது, மையில் எழுத வேண்டும், தப்பு வந்தால் அழிக்காமல் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். வயதான முறைதான். ஆனால் அதை வகுத்தவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். பின்னால் எழுதிச் சேர்க்க முடியாதபடியும், சேர்த்தால் கண்டுபிடிக்கும்படியும் அமைத்திருக்கிறார்கள். மத்திய பொதுப்பணித் துறை கணினியில் தயாரித்த அளவுப் புத்தகத்தை அனுமதித்தபோதுகூட, பக்க எண்ணிட்டு அச்சிட்டு, பைண்டு செய்து, கையெழுத்திட்டுத்தான் வைக்கச் சொன்னது.

காகிதத்தின் பெரிய பலம், குழி விளிம்பில் நின்றுகொண்டே கையெழுத்து வாங்கலாம். சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஐம்பத்தைந்து வயது ஃபோர்மேனும் தமிழிலேயே எழுதலாம். "காலை 10.20-க்கு மழை, 12.45 வரை வேலை நிற்பு, 38 பேர் சும்மா இருந்தார்கள்" என்று தமிழில் எழுதிய தினக்குறிப்பு, மாலையில் ஆபீஸில் இன்னொருவர் இங்கிலீஷில் மாற்றி எழுதியதைவிட எனக்கு மேல். பார்த்தவர் கை எழுதியது அது.

காகிதம் எவ்வளவு நாள் நிற்கும் என்ற சந்தேகம் மதுரைக்காரர்களுக்கு வரக் கூடாது. நாம் குடிக்கும் தண்ணீரின் பின்னால் முல்லைப் பெரியாறு இருக்கிறது. அதன் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல் எழுதியது, 999 வருடத்துக்கு. அணை 1895-இல் முடிந்தது. அதைப் பின்னாளில் எப்படி வலுப்படுத்தினார்கள், கான்கிரீட் தொப்பி, கேபிள் ஆங்கரிங், பின்பக்கக் கான்கிரீட் தாங்கல் என்று என்னென்ன செய்தார்கள் என்பதெல்லாம் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டு, 2014 மே 7 தீர்ப்பில் நீர்மட்டம் 142 அடி என்று உறுதியானது. செய்த வேலையை எழுதி வைத்திருந்தால்தான் அப்படிப் பேச முடியும்.

பலவீனமும் நிறைய. ஒரே பிரதிதான். கண்டெய்னர் ஆபீஸின் மூலையில் அட்டைப் பெட்டியில் வைத்தால் கரையான் வரும். ஐப்பசி மழையில் ஜெல் பேனா எழுத்து கரைந்து ஓடும். எடை மேடைச் சீட்டு வெப்பத்தாளில் அச்சாவது, ஆறே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடலாம். கம்பி வண்டிக்கு எடை போட்ட அன்றே அதை ஜெராக்ஸ் எடுத்து சலானோடு பின் அடித்தாக வேண்டும். இதை அவனிடம் இரண்டு முறை சொன்னேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, டிராயிங். ரிவிஷன் இரண்டு வந்த பிறகும் கம்பி கட்டுபவர் கையில் ரிவிஷன் ஒன்று இருக்கும். பழையதைத் திரும்ப வாங்கி "ரத்து" முத்திரை குத்தாவிட்டால் அது சைட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கீழே விரித்துப் போடும் வரை. ஒருவர் டிராயிங் அனுப்ப ஒருவர் கட்டும் வேலையில் காகிதம் தாக்குப் பிடிக்கும். மூன்று நகரத்திலிருந்து நான்கு பேர் டிராயிங் அனுப்பும் வேலையில், காகிதம் மட்டும் என்றால் நான் பயப்படுவேன்.

வாட்ஸ்அப்பும் டிரைவும்

யாரும் முடிவெடுத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தானாக வந்து உட்கார்ந்துவிடும் வழி இது. முதல் நாள் ஒரு குரூப், மூன்றாம் மாதம் பதினொரு குரூப்.

என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கம்பி கட்டி முடித்த நிமிடமே படம் போய்விடுகிறது, சென்னையில் டிசைனர் பார்த்து "இந்த இடத்தில் ஸ்டிரப் (வளையக் கம்பி) இடைவெளி அதிகம்" என்று உடனே சொல்கிறார். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எத்தனையோ தப்பைக் கான்கிரீட் போடும் முன்பே நிறுத்தியிருக்கிறது.

இரண்டாவது கேள்வியில் முழுத் தோல்வி. படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பும், எடுத்த நேரமும் இடமும் உள்ளே பதிவானது போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் அப்படியே போகும். அனுப்பிய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் அவர் போனும் அவரோடு போகும். "சரி சார், செஞ்சிடுங்க" என்ற ஒரு வரி எந்தக் கேள்விக்கான பதில் என்று ஒரு வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. டிரைவ் ஃபோல்டரைத் திறந்தால் "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் கரெக்டட் 2" என்று மூன்று டிராயிங் இருக்கும்.

நான் பார்த்த ஒரு வேலையில், லிஃப்ட் சுவரின் திறப்பை மாற்றச் சொல்லி டிசைனர் படத்தில் வட்டமிட்டு அனுப்பினார். அன்று அந்தக் குரூப்பில் நாற்பது படம். ஃபோர்மேன் பார்க்கவில்லை. சுவர் எழும்பி, பிறகு வெட்டினோம். வெட்டிய செலவு யாருடையது என்று ஆறு மாதம் கடிதம் எழுதினோம், கடைசியில் பாதிப் பாதி.

சட்டப்படி இது செல்லாது என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவை ஏற்கிறது. ஆனால் அதோடு ஒரு சான்றிதழ் வேண்டும், ஒரு பகுதியை ஆவணத்தைத் தருபவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில் இருந்த சான்றிதழ் கட்டாயம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் சொன்னது. நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் 1996 நடுவர் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்துக்கு நடுவர் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. கொஞ்சம் தளர்வு உண்டு. இருந்தாலும் நம்பும்படியாக இருக்க வேண்டுமே. கைமாறிக் கைமாறி வந்த ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நிமிடத்தில் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்.

சாஃப்ட்வேர்

ஆக்கோனெக்ஸ், ஆட்டோடெஸ்க்கின் கட்டுமானச் சேவை, புரோகோர், பென்ட்லியின் புராஜெக்ட்வைஸ் இவை எல்லாம் பெரிய திட்டங்களில் அடிபடும் பெயர்கள். அடிப்படை ஒன்றுதான்: எல்லாத் தரப்பும் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்வது. 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரநிலை இதை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. ஒருவர் இன்னும் வரைந்துகொண்டிருப்பது, மற்றவர்கள் பார்க்கப் பகிர்ந்தது, கட்டலாம் என்று வெளியிட்டது, காலாவதியாகிக் காப்பகத்துக்குப் போனது. சைட்டில் இருப்பவருக்கு மூன்றாவது நிலையில் இருப்பது மட்டும்தான் தெரிய வேண்டும். லிஃப்ட் சுவர் கதை இதில் நடக்க வழி மிகக் குறைவு. புது ரிவிஷன் ஏறியதும் பழையது தானாகப் பின்னால் போய்விடும். யார் எப்போது திறந்து பார்த்தார் என்பதும் பதிவாகும். டிராயிங் தாமதமாக வந்ததா, கேள்விக்குப் பதில் வர எத்தனை நாள் ஆனது என்பதற்கு வாதமே தேவையில்லை, தேதி அங்கேயே இருக்கிறது. ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999 சிவப்புப் புத்தக ஒப்பந்தம் போன்றவற்றில், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் கிளெய்ம் (கூடுதல் பணமோ நாளோ கேட்கும்) நோட்டீஸ் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். அங்கே இந்தத் தேதிப் பதிவின் மதிப்பு பெரிது.

ஆனால் அது சைட்டில் உயிரோடு இருக்குமா என்பது வேறு கேள்வி. நான் இருந்த ஒரு திட்டத்தில் பகலில் எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு பையன் உட்கார்ந்து எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றினான். கணினியில் எல்லா இன்ஸ்பெக்ஷனும் 8-இலிருந்து 10 மணிக்குள் நடந்ததாகத் தெரிந்தது. சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் அதை அப்படிப் பயன்படுத்தினோம். ஆடிட்டில் அது எங்களுக்கு எதிராகப் போனது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. களஞ்சியம் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் உரிமையாளர் பெயரிலோ மேற்பார்வை நிறுவனம் பெயரிலோ இருக்கும். தகராறு வந்து ஒப்பந்தம் முறிந்தால் காண்ட்ராக்டரின் லாகின் அன்றே நின்றுவிடலாம். உங்கள் கடிதம், உங்கள் க்யூப் ரிசல்ட், உங்கள் நோட்டீஸ் எல்லாம் அடுத்தவர் பூட்டிய அறையில் இருக்கும். உங்கள் பெயரிலேயே வாங்கினாலும், சந்தா முடிந்த பின் எல்லாவற்றையும் எந்த வடிவத்தில் வெளியே எடுத்துத் தருவார்கள், யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் சேர்ந்து வருமா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆள்

அவன் இதைக் கேட்டதும், "அப்ப மூணுமே சரியில்லையா அக்கா?" என்றான். மூன்றும் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன், அங்கெல்லாம் ஒரு ஆள் இருந்தார். டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்று பதவிப் பெயர். உள்ளே வரும் ஒவ்வொரு டிராயிங்குக்கும் கடிதத்துக்கும் நம்பர் போடுவது, யாருக்குக் கொடுத்தோம் என்று டிரான்ஸ்மிட்டல் எழுதுவது, பழைய ரிவிஷனைத் திரும்ப வாங்குவது, கையெழுத்து வராத போர் கார்டைத் துரத்துவது. இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. கணக்கு படித்து, ஒரு நம்பர் விட்டுப்போனால் தூக்கம் வராத சுபாவம் இருந்தால் போதும். இந்த வேலையை சைட் இன்ஜினியர் தலையில் கூடுதலாகக் கட்டினால், கான்கிரீட் வண்டி வந்து நிற்கும் நேரத்தில் அவர் காகிதத்தை விட்டுவிடுவார். விடத்தான் வேண்டும், கான்கிரீட் காத்திருக்காது.

சைட்டில் ஆட்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. கட்டட வேலை தொடங்கியது 2024-இல். அப்படி நீளும் திட்டத்தில் ஆரம்பத்தில் பேசியவரே முடிவில் இருப்பார் என்று யாரும் நினைக்க முடியாது. மனிதர்கள் நினைவில் வைத்திருப்பதை நம்பி ஒரு வேலையை நடத்தக் கூடாது.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இது பணம் மட்டும் இல்லை. 2021 ஆகஸ்ட் 28-இல் நத்தம் சாலை மேம்பாலம் கட்டும்போது பாலத்தின் ஒரு பகுதி விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். அன்று நான் வேறு சைட்டில் இருந்தேன். செய்தி வந்ததும் எங்கள் ஜாக், கிரேன், ஸ்லிங் எல்லாவற்றின் சோதனைச் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டுக்குத் தேதி முடிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அன்று மாலையே இரண்டையும் நிறுத்திவைத்தோம். காலாவதித் தேதி வரும் ஆவணங்களுக்கு, ஒரு மாதம் முன்பே எச்சரிக்கும் தனிப் பட்டியல் வேண்டும் என்பதில் அன்றிலிருந்து நான் விட்டுக்கொடுப்பதில்லை. இதில் மட்டும் கணினி, காகிதத்தைவிடத் தெளிவாக மேல்.

அவனுக்கு நான் சொன்ன முடிவு

அவன் வேலைக்குப் பெரிய சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம் என்றேன். உரிமையாளர் தரப்பு களஞ்சியம் வைத்துக் கட்டாயப்படுத்தினால் அதில் சேர்ந்துகொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் பிரதியை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்து தேவைப்படும் எல்லாம் காகிதத்தில்: லெவல் புத்தகம், போர் கார்டு, சைட் ஆர்டர் புக் (சைட்டில் தரும் உத்தரவுகளை எழுதும் புத்தகம்), எம் புக், அப்புறம் தடைப் பதிவேடு. இந்தக் கடைசியைத்தான் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்பார்கள். மழை, டிராயிங் தாமதம், இடம் ஒப்படைக்காதது என்று வேலை நின்ற ஒவ்வொரு நாளும் அதில் ஏறி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் காலநீட்டிப்பு கேட்கும்போது வாய் திறக்க முடியும். பைண்டு செய்து பக்க எண் போட்டது, கார்பன் வைத்து மூன்று பிரதி. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, சொன்ன அச்சில் அடித்துத் தருவார்கள். போர் கார்டைத் தமிழிலும் இங்கிலீஷிலும் சேர்த்து அச்சடிக்கச் சொன்னேன். கையெழுத்தான அன்று மாலையே ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும்.

டிராயிங், கடிதம், சர்ட்டிஃபிகேட் எல்லாம் கணினியில், ஒரே எண் முறையில். கட்டடம், துறை, வரிசை எண், ரிவிஷன் என்ற ஒழுங்கு போதும். டிரைவில் எழுதும் அனுமதி கண்ட்ரோலருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். இரண்டு ஹார்டு டிஸ்க் பிரதி, ஒன்று சைட்டில் வேண்டாம், வீட்டில்.

வாட்ஸ்அப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தவும் முடியாது. ஆனால் அதில் வந்த எந்த உத்தரவும், மறுநாள் காலை பத்து மணிக்குள் சைட் ஆர்டர் புக்கிலோ மெயிலிலோ ஏறாவிட்டால் வேலை செய்வதில்லை என்று முதல் கூட்டத்திலேயே எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டு, அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். மூடப்படும் வேலைக்கு எடுக்கும் படத்தில் குழி அல்லது தூண் நம்பர் எழுதிய சிலேட்டும் அளவுக் கோலும் இருந்தாக வேண்டும்.

இதே ஆலோசனை எல்லோருக்கும் பொருந்தாது. டிராயிங் தரும் தரப்பு ஐந்தாறுக்கு மேல் போனால், அல்லது ஒரே நேரத்தில் மூன்று சைட் ஓடினால், நான் சாஃப்ட்வேர் பக்கம் சாய்வேன். அரசு வேலை என்றால் எம் புக்கின் விதிகளே பாதி முடிவைச் சொல்லிவிடும். அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அரசுப் பணியைப் பார்வையிடவும், ஆவணத்தைப் பார்க்கவும், பொருளின் மாதிரி எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. அடுக்கிவைத்தவர்களுக்கு அதில் கஷ்டம் இல்லை.

எத்தனை வருடம் வைப்பது என்று கேட்டான். ஜி.எஸ்.டி. கணக்குகள், அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம். கம்பெனி என்றால் கணக்குப் புத்தகம் 8 நிதியாண்டு. ரியல் எஸ்டேட் சட்டம் பொருந்தும் குடியிருப்பு வேலையில், ஒப்படைத்ததிலிருந்து 5 வருடம் கட்டுமானக் குறைக்குப் பொறுப்பு. மருத்துவமனைக்கு அது வராது என்றாலும், ஸ்ட்ரக்சுரல் ஆவணங்களையும் கடைசியில் தரும் ஆஸ்-பில்ட் (உண்மையில் கட்டியபடி வரைந்த) டிராயிங்கையும் கட்டடம் நிற்கும் வரை வைக்கச் சொன்னேன். என்றைக்காவது ஒரு தளம் ஏற்ற நினைப்பார்கள், அன்று யாராவது அந்தத் தூணில் எத்தனை கம்பி என்று கேட்பார்கள்.

திருமங்கலத்திலேயே பி.காம். படித்த ஒரு பெண்ணைக் கண்ட்ரோலராகச் சேர்த்திருக்கிறான். முதல் மாதத்திலேயே, கையெழுத்து இல்லாத ஏழு லெவல் தாள்களைப் பிடித்து, பி.சி.சி. போடும் முன்பே வாங்கிவிட்டார். அதில் நான்கு, பாறைக் குழி.

இன்னும் தீராதது சப்-காண்ட்ராக்டர்களின் ஆவணம். பிளம்பிங்காரரும் எலக்ட்ரிக்கல்காரரும் தங்கள் டிராயிங்கைத் தங்கள் நம்பரில்தான் அனுப்புகிறார்கள், ஸ்லாபுக்குள் போகும் பைப்புக்குப் படம் எடுப்பது தங்கள் வேலை இல்லை என்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டது இவன் தப்பு. முதல் தள ஸ்லாபுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் அவர்கள் பில்லோடு போட்டோவும் டிராயிங் நம்பரும் வந்தால்தான் பணம் என்று ஒரு திருத்த ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வரைவைக் கொண்டுவருகிறான்.